சுண்ணமும் பவுடரும்: ஒரு மலிவான ஏமாற்றத்தின் கதை



இலக்கியம் பேசும் இந்த நேரத்தில் முகப்பவுடருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், பூசும் பொடியொன்று தந்த ஏமாற்றத்தை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்க் காப்பியம் ஒன்று பேசிவிட்டது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியில் குணமாலையார் இலம்பகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குணமாலை, சுரமஞ்சரி என்ற தோழியர் இருவரும் நீராட்டு விழாவுக்கென வாசனைச் சுண்ணம் செய்கிறார்கள். எவருடையது சிறந்தது என்று வாதம் எழுகிறது. தோற்றவள் நீராடாமல் வீடு திரும்பவேண்டும் என்பது பந்தயம். வழக்கு சீவகனிடம் வருகிறது. அவன் குணமாலையின் பக்கம் தீர்ப்புச் சொல்லுகிறான். வாய்ச்சொல்லோடு விடவில்லை, இரு பொடிகளையும் வானில் தூவிக் காட்டுகிறான். குணமாலையின் பொடியை வண்டுகள் காற்றிலேயே மொய்த்துக்கொள்கின்றன. மற்றது நிலத்தில் விழுகிறது. சுரமஞ்சரி நீராடாமலே திரும்பி, இனி ஆடவர் முகம் நோக்கேன் என்று கன்னிமாடத்துள் அடைந்துவிடுகிறாள்.

இந்தப் பந்தயத்தில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சுண்ணத்துக்கு வைத்த சோதனை மணம். அது முகத்தை வெளுப்பாக்குமா என்று அங்கே எவரும் கேட்கவில்லை. கேட்காததில் வியப்பும் இல்லை. சங்கப் பாடல்களில் மாந்தளிர் போன்ற மாமை நிறமே பெண்ணின் அழகு. அந்த நிறம் மங்கி மேனி வெளிறினால் அதற்குப் பசலை என்று பெயர். அது பிரிவின் நோய். வெளிறுவதை அழகென்று காசு கொடுத்து வாங்கும் வழக்கம் பிறகு வந்தது.

அந்த வழக்கத்துக்கு வேறு நாடுகளில் நீண்ட வரலாறு உண்டு. பழைய கிரேக்கத்தில் ஈயத்தைக் காடியின் ஆவியில் வைத்து, அதன்மேல் படியும் வெண்பொருளைச் சுரண்டி எடுத்தார்கள். தியோபிராஸ்டஸ் இச் செய்முறையை எழுதிவைத்திருக்கிறார். ஈய வெள்ளை எனப்படும் அந்தப் பொடி பெண்களின் முகத்துக்குப் போயிற்று. செனபன் எழுதிய குடும்ப நிர்வாக உரையாடலில், ஈய வெள்ளை பூசிவந்த இளம் மனைவியைக் கணவன் கடிந்துகொள்ளும் இடம் வருகிறது. அவன் கண்டித்தது பொய்த் தோற்றத்தை. நஞ்சைப் பற்றி அவன் பேசவில்லை.

ஈய வெள்ளை நன்றாக ஒட்டும், தழும்பை மறைக்கும், மெல்லிய பூச்சே போதும். பூசியவர் கண்ணாடியில் ஏமாறவில்லை, உடம்பில் ஏமாந்தார். 1869இல் நியூயோர்க் மருத்துவர் லூயிஸ் சேயர், முகப்பூச்சு ஒன்றைப் பாவித்துக் கைகள் செயலிழந்த மூன்று இளம் பெண்களைப் பற்றி அறிக்கையிட்டார். பூச்சில் இருந்தது ஈயம். யப்பானில் 1887இல் பேரரசர் மெய்ஜியின் முன்னிலையில் கபுக்கி நாடகம் நடந்தபோது, நகமுரா ஃபுகுசுகே என்ற நடிகரின் கால் நடுங்கியது. ஆண்டுக்கணக்காகப் பூசிய ஈய வெள்ளையே காரணம் என்று தெரியவந்தது. ஈயமில்லாத வெண்பூச்சு அங்கே 1904இல் விற்பனைக்கு வந்தது. ஆனாலும் நன்றாக ஒட்டுகிறது என்பதற்காக ஈயப்பூச்சை விரும்பியவர்கள் இருந்தார்கள்; அதை முற்றாக நிறுத்த 1930கள் வரை சென்றது.

நாமும் தப்பியவர்களல்லர். மேடை ஒப்பனை முழுவதற்கும் நாம் வழங்கும் அரிதாரம் என்ற சொல், ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம் ஒன்றின் பெயர். நஞ்சின் பெயரே நம்மிடம் கலையின் பெயராக நிலைத்துவிட்டது.

ஈயத்துக்குப் பதிலாக வந்தவை அரிசிமா, நாக ஒட்சைட்டு, டல்க் எனப்படும் மாக்கற்பொடி ஆகியவை. அரிசிமா வியர்வையை உறிஞ்சிக் கட்டிபடும். நாக ஒட்சைட்டு ஓரளவு மறைக்கும். டல்க் வழுவழுப்பானது, மலிவானது. ஆனால் மறைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. மலிவான பவுடர் பெரும்பாலும் டல்க்கும் வாசனையும்தான். உலர்ந்திருக்கும்போது அது ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தில் ஒளி ஊடுருவ, அடியிலுள்ள தோல் தெரியும். முகம் திட்டுத் திட்டாக நிற்பது இதனால்தான்.

எங்கள் அக்கா ஒரு கோயில் திருவிழாக் கடையில் பவுடர் ரின் ஒன்று வாங்கினா. மூடியில் ரோசாப்பூப் படம் இருந்தது, விலை சொற்பம். வெயில் ஏறி, தேர் இருப்புக்கு வருவதற்குள் அவவின் கன்னங்களில் வியர்வை வாய்க்கால் வெட்டிவிட்டது. வாய்க்காலுக்கு வெளியே சாம்பல் நிறம். நான் சிரித்தேன். அக்கா கோபிக்கவில்லை. தாவணித் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "உது எங்கட முகத்துக்கெண்டு செய்ததில்லையடா தம்பி" என்று மட்டும் சொன்னா.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு நூற்றாண்டு வணிக வரலாறு அடங்கியிருக்கிறது என்பது பிற்காலத்தில் வாசித்தபோதுதான் விளங்கியது. மேல்நாட்டுப் பவுடர்ப் பெட்டிகளில் வெள்ளை, பாலாடை நிறம் என்பவற்றோடு "சதை நிறம்" என்றும் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அது இளஞ்சிவப்பு. யாருடைய சதை என்று சொல்லவேண்டிய தேவை விற்றவருக்கு இருக்கவில்லை.

அந்தக் கேள்வியை வணிகமாகவே எழுப்பியவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவின் கறுப்பின வணிகர் அன்ரனி ஓவர்ட்டன் 1898இல் கன்சாஸ் நகரில் நிறுவனமொன்றைத் தொடங்கி, 1911இல் அதைச் சிக்காகோவுக்குக் கொண்டுசென்றார். அவருடைய "ஹை பிரவுண்" முகப்பவுடர் கறுப்பினப் பெண்களுக்கென்றே செய்யப்பட்டது. ஆனால் அந்தப் பெயரைப் பாருங்கள்: "ஹை பிரவுண்" என்பது அந்தச் சமூகத்தில் வெளிர்ந்த மாநிறத்தைக் குறித்த வழக்கு. விடுதலைக்கான பொடியிலும் வெளுப்பின் மயக்கம் கொஞ்சம் கலந்திருந்தது. யப்பானிய ஷிசெய்டோ நிறுவனம் 1917இல் ஏழு நிறங்களில் முகப்பவுடரை வெளியிட்டது. வெள்ளை ஒன்றே அழகு என்ற நாட்டில் மஞ்சளும் பச்சையும் ஊதாவுமாகப் பொடி வந்தது சிறிய செய்தியல்ல. இத்தனைக்குப் பிறகும், 2017இல் பாடகி ரிஹானாவின் நிறுவனம் 40 நிறச் சாயல்களில் முகப்பூச்சை வெளியிட்டபோது, உலகம் அதைப் புதுமை என்றே பேசியது.

இதில் நமது தீவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இன்றைய பவுடருக்கு வெண்மை தருவது பெரும்பாலும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு. அதை எடுக்கும் மூலங்களில் ஒன்று இல்மனைற்று. நமது புல்மோட்டைக் கரையில் கிடக்கும் அந்த மணல் கறுப்பு. பதப்படுத்தி வெண்பொருளாக்கும் தொழிற்சாலை இங்கில்லாமல் அது மணலாகவே கப்பலேறி வந்திருக்கிறது. கறுப்பை அனுப்பி வெள்ளையை விலைக்கு வாங்கும் இந்தக் கணக்கை எந்தக் கவிஞரும் கற்பனை செய்யத் தேவையில்லை.

டல்க்கின் கதையும் முடியவில்லை. நிலத்தடியில் அது கல்நாருக்கு அருகில் கிடப்பதுண்டு. கலப்பு நேர்ந்தால் ஆபத்து. 2024இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் டல்க்கை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் சேர்த்தது. ஈயம் போனால் கவலையும் போகும் என்றிருந்தவர்களுக்கு இது மற்றுமொரு பாடம்.

ஆகவே, மலிவான பவுடர் தரும் ஏமாற்றம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய ஒன்றல்ல என்பது என் கருத்து. காசுள்ளவர் தம் நிறத்துக்கேற்ற பொடியைத் தேடி எடுக்கலாம். காசில்லாதவருக்குக் கிடைப்பது எல்லா முகத்துக்கும் ஒரே ரின். அது முகத்துக்குப் பொருந்தாதபோது, பொடியைக் குறை சொல்லாமல் தம் முகத்தைக் குறைசொல்லும்படி பெண்பிள்ளைகள் பழக்கப்படுகிறார்கள். பெரிய நட்டம் அங்கேதான். அது ரின்னின் விலையில் எழுதப்படுவதில்லை.

சுரமஞ்சரிக்கு ஒரு வசதி இருந்தது. அவள் தோற்றது பொடியில், முகத்தில் அல்ல. சபையறியச் சோதனை நடந்தது, பொடி விழுந்தது, அவ்வளவுதான். அவள் அழகைக் காப்பியம் எள்ளளவும் குறைக்கவில்லை. சீவகனே பின்னர் முதியவர் வேடமிட்டு அவள் வாயிலுக்கு வருகிறான். நமது பிள்ளைகளுக்கும் அந்த நீதி கிடைக்கவேண்டும். விழுந்தது பொடிதான் என்று அவர்களுக்குச் சொல்ல வீட்டில் ஒருவராவது வேண்டும்.