கடும் ஆஸ்துமாவில் ஸ்டீராய்டு மாத்திரைக் குறைப்பு

மூச்சிரைப்பை அடக்க நாள்தோறுமோ அடிக்கடியோ பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளை நம்பியிருக்கும் ஆஸ்துமா நோயாளிகளுக்கு, நோயைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டே மாத்திரையின் அளவைப் படிப்படியாக இறக்கி, முடிந்தால் நிறுத்திவிடும் மருத்துவ முறை இது. மாத்திரையைத் திடீரென்று விடுவதும் இதுவும் ஒன்றல்ல. நோயைச் சரியாகக் கண்டறிவது, இன்ஹேலரை ஒழுங்காகப் பயன்படுத்துவது, தூண்டும் காரணத்தை நீக்குவது, தேவைப்பட்டால் வேறு மருந்து சேர்ப்பது ஆகியவை முன்னே நடக்க, மாத்திரை பின்னே இறங்கும். இந்தியாவில், குறிப்பாகச் சிற்றூர்களில், மருந்துக் கடையில் அவ்வப்போது வாங்கி விழுங்கும் மாத்திரையும் இந்தக் கணக்கில் சேரும்.

வரலாறு

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 1948-ல் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு முதன்முதலாகத் தரப்பட்டது. இவ்வகை ஹார்மோன் ஆய்வுகளுக்காக ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் 1950-ல் நோபல் பரிசு பெற்றனர். கடும் ஆஸ்துமாத் தாக்குதலில் கார்ட்டிசோன் பலன் தருவதைப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1956-ல் உறுதிசெய்தது. அதே காலத்தில் பிரெட்னிசோனும் பிரெட்னிசோலோனும் சந்தைக்கு வந்தன. உயிர் காத்த மருந்து என்பதால் ஆண்டுக்கணக்கில் எழுதித் தரப்பட்டது. விளைவாக முகம் உப்பியவர்களும் எலும்பு நொறுங்கியவர்களும் பெருகினர்.

இங்கிலாந்து மருத்துவர் ஹாரி மாரோ பிரவுன், சளியில் ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மிகுந்திருப்போருக்கே பிரெட்னிசோலோன் நன்றாக வேலை செய்கிறது என்று 1958-ல் காட்டினார். அவரே 1972-ல், பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை இன்ஹேலர் வழியாக நுரையீரலுக்கே நேராகச் செலுத்தினால் பலருக்கு மாத்திரையைக் குறைக்கலாம் என்று கண்டறிந்தார். மாத்திரைக் குறைப்பு ஒரு மருத்துவ முறையாக அங்கிருந்தே தொடங்குகிறது எனலாம்.

குறைப்பதற்கான காரணங்கள்

தாக்குதல் வரும்போது நாளொன்றுக்கு 40 முதல் 50 மில்லிகிராம் பிரெட்னிசோலோனை 5 முதல் 7 நாள் தருவது ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை. அதைத் தவிர்ப்பது ஆபத்து. இத்தகைய குறுகிய கால மருந்தை அளவு இறக்காமல் அப்படியே நிறுத்தலாம். இந்த ஐந்து நாள் மருந்து ஆண்டுக்கு நான்கைந்து முறை திரும்பத் திரும்ப வருவதும், தினசரி மாத்திரையாக நிலைத்துவிடுவதும்தான் சிக்கல். வாழ்நாள் முழுவதும் உட்கொண்ட மொத்த அளவு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை எட்டும்போதே பக்கவிளைவுகள் கூடத் தொடங்குவதாகப் பிரிட்டன் நோயாளிகளின் பதிவேடுகள் காட்டுகின்றன. 40 மில்லிகிராம் வீதம் 5 நாள் என்றால் ஒரு முறைக்கு 200 மில்லிகிராம். ஐந்தே முறையில் ஒரு கிராம் ஆகிவிடும்.

சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், கண்புரை, எடை கூடுதல், தூக்கமின்மை ஆகியவை உலகெங்கும் காணப்படும் விளைவுகள். வெப்ப நாடுகளில் இன்னும் இரண்டு சேரும். உடலுக்குள் அடங்கிக் கிடக்கும் காசநோய் தலைதூக்கலாம். வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களைத் தொற்றும் ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் புழு, எதிர்ப்புச் சக்தி குன்றிய உடலில் பெருகி உயிருக்கே உலை வைக்கலாம்.

முதலில் செய்ய வேண்டியவை

ஆஸ்துமா நோயாளிகளில் உண்மையிலேயே கடும் ஆஸ்துமா உள்ளவர்கள் 3.7 விழுக்காடு என்று நெதர்லாந்து ஆய்வு ஒன்று கணித்தது. ஆஸ்துமா கட்டுக்கு அடங்காத பலருக்கு உண்மைக் காரணம் வேறாக இருக்கும். அவற்றுள் முதன்மையானது இன்ஹேலரைத் தவறாகப் பயன்படுத்துவது. மருந்துப் புட்டியைக் குலுக்காமல் அழுத்துவது, அழுத்திய பிறகு மூச்சை இழுப்பது, இழுத்த மூச்சைப் பத்து விநாடி அடக்காமல் விடுவது ஆகிய மூன்றும் அடிக்கடி காணப்படும் தவறுகள். ஸ்பேசர் எனப்படும் குழாயைப் பொருத்தினால் இரண்டாவது தவறு பெரும்பாலும் நீங்கிவிடும். பயன்படுத்தியபின் வாயைக் கொப்பளிப்பது வாய்ப்புண்ணைத் தடுக்கும்.

நிவாரணத்துக்கான சால்பியூட்டமால் இன்ஹேலரை மட்டும் வைத்துக் காலம் தள்ளுவது அடுத்த காரணம். அது மூச்சுக்குழலைத் தற்காலிகமாக விரிக்கும், உள்ளிருக்கும் அழற்சியைத் தணிக்காது. ஆண்டுக்கு மூன்று புட்டிக்கு மேல் தீர்ந்தால் தாக்குதல் வரும் வாய்ப்பு கூடுகிறது, பன்னிரண்டைத் தொட்டால் இறப்பின் ஆபத்தும் கூடுகிறது. 1993-ல் உருவான உலக ஆஸ்துமா முன்னெடுப்பான ஜினா, 2019 முதல் சால்பியூட்டமாலை மட்டும் தருவதைப் பரிந்துரைப்பதில்லை. புடசோனைடு என்ற ஸ்டீராய்டும் ஃபார்மோட்டெரால் என்ற மூச்சுக்குழல் விரிப்பியும் சேர்ந்த இன்ஹேலரையே முன்வைக்கிறது.

மாத்திரை இறங்கும் விதம்

நோய் சில வாரங்கள் அமைதியாக இருந்த பிறகே மாத்திரையைக் குறைக்கத் தொடங்குவார்கள். மேல் அளவுகளில் ஓரிரு வாரத்துக்கு ஒரு முறை 5 அல்லது 2.5 மில்லிகிராம் இறக்கலாம். நாளுக்கு 5 மில்லிகிராமை நெருங்கியதும் வேகம் தணியும். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அண்ணீரகச் சுரப்பிகள் இயல்பாகச் சுரக்கும் கார்ட்டிசோல் ஏறக்குறைய அந்த 5 மில்லிகிராமுக்கு ஈடானது. மாதக்கணக்கில் மாத்திரை வந்துகொண்டிருந்தால் அவை சுரப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. திரும்ப விழித்தெழ வாரங்களோ மாதங்களோ ஆகும்.

ஆகவே காலை எட்டு மணி வாக்கில், அன்றைய மாத்திரையை எடுக்கும் முன், இரத்தத்தில் கார்ட்டிசோல் அளவு பார்க்கப்படுகிறது. டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி மீண்டுவிட்டது எனக் கொண்டு நிறுத்தலாம். 5-க்குக் கீழ் என்றால் குறைந்த அளவைத் தொடர்ந்து, சில மாதம் கழித்துச் சோதிப்பார்கள். இடைப்பட்டால் காத்திருந்து மறுசோதனை செய்வார்கள்.

அசதி, மூட்டுவலி, குமட்டல், எழுந்து நிற்கையில் தலைசுற்றல் ஆகியவை சுரப்பி இன்னும் எழவில்லை என்பதற்கான அறிகுறிகள். நோயாளிகள் பலர் இதை ஆஸ்துமா திரும்புவதாக எண்ணி மாத்திரையைக் கூட்டிவிடுகிறார்கள். சுரப்பி மீளாதவர்களுக்குக் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் தற்காலிகமாகக் கூடுதல் ஸ்டீராய்டு தேவை. அதற்காக மருத்துவக் குறிப்பைச் சட்டைப்பையில் வைத்திருப்பது நல்லது.

உயிரியல் மருந்துகள்

ஈசினோஃபில் அழற்சியைத் தடுக்கும் ஊசி மருந்துகள் மாத்திரைக் குறைப்பை வேறு நிலைக்கு எடுத்துச் சென்றன. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பரமேஸ்வரன் நாயர் குழு 20 நோயாளிகளை வைத்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், மெப்போலிசுமாப் என்ற இத்தகைய ஊசியைப் பெற்றவர்களுக்கு மாத்திரை பெருமளவு குறைந்தது. சளி ஈசினோஃபிலைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்த அந்த அணுகுமுறைக்கு மாரோ பிரவுனின் 1958 கண்டுபிடிப்பே முன்னோடி.

2014-ல் வந்த சீரியஸ் ஆய்வில் 135 பேர் பங்கேற்றனர். மெப்போலிசுமாப் பெற்றவர்களிடம் மாத்திரைக் குறைவின் இடைநிலை அளவு 50 விழுக்காடு, வெற்று ஊசி பெற்றவர்களிடம் பூச்சியம். 2017-ன் சோண்டா ஆய்வில் 220 பேர். பென்ரலிசுமாப் 75 விழுக்காடும் வெற்று ஊசி 25 விழுக்காடும் குறைப்பைத் தந்தன. பின்னர் போனெண்டே ஆய்வில் பென்ரலிசுமாப் எடுத்த 598 பேரில் 62.9 விழுக்காட்டினர் தினசரி மாத்திரையை முற்றிலும் நிறுத்தினர். அதே ஆய்வில் முதல் சோதனையின்போது சுமார் 60 விழுக்காட்டினருக்கு அண்ணீரகச் சுரப்பு குன்றியிருந்தது. ஊசி கைகொடுத்தாலும் மெதுவாக இறக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். ஒமலிசுமாப், டுபிலுமாப், டெசெப்பெலுமாப் ஆகியவையும் பயன்பாட்டில் உள்ளன. ஒவ்வொரு ஊசிக்கும் பல ஆயிரம் ரூபாய் ஆவதால், இந்தியாவில் பெரும்பாலோருக்கு இவை எட்டாதவையே.

இந்தியச் சூழல்

இன்சர்ச் என்ற நாடளாவிய ஆய்வு 2012-ல் இந்தியாவின் வயது வந்தோரில் ஆஸ்துமா 2.05 விழுக்காடு எனக் கணித்தது. ஸ்டீராய்டு மாத்திரைகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத எச் அட்டவணையில் உள்ளவை. ஆனால் விலை மலிவு, பலன் உடனடி என்பதால் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் பழக்கம் நிலைத்துவிட்டது. மூலிகை மருந்து என்று விற்கப்படும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை ஆய்வகங்கள் கண்டறிந்துள்ளன. பொடி எடுத்தால் முகம் பூரிக்கிறது, பசி கூடுகிறது, நிறுத்தினால் உடனே இழுக்கிறது என்றால் அதைச் சந்தேகிக்கலாம்.

ஊசியைவிட மலிவான வழிகளும் உண்டு. ஆஸ்துமா நோயாளிகளின் நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைக்கு எழும் ஒவ்வாமை இந்தியாவில் பரவலாகக் காணப்படுகிறது. சண்டிகர் முதுநிலை மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் ரித்தேஷ் அகர்வால் குழு இத்தகைய 131 நோயாளிகளிடம் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தையும் பிரெட்னிசோலோனையும் ஒப்பிட்டு 2018-ல் முடிவை வெளியிட்டது. ஆறு வாரத்தில் முன்னதற்கு 88 விழுக்காட்டினரும் பின்னதற்கு அனைவரும் பலன் கண்டனர். ஸ்டீராய்டு ஒத்துவராதவர்களுக்குப் பூஞ்சை மருந்து ஒரு மாற்று என்று இதனால் தெரிகிறது. ஆனால் இட்ராகோனசோல் இன்ஹேலர் வழிப் புடசோனைடை உடலில் தேங்கவிட்டு, அண்ணீரகத்தை ஒடுக்கக்கூடும். மாறாக, காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் பிரெட்னிசோலோனின் வீரியத்தைக் குறைக்கும்.

ஆஸ்துமா போலவே இருமலும் இரைப்பும் தரும் வெப்பமண்டல ஈசினோஃபில் நோய் யானைக்கால் புழுவால் வருவது. 1940-களில் இந்தியாவில் விவரிக்கப்பட்ட இந்நோய்க்கு டைஎத்தில்கார்பமசின் மருந்தை மூன்று வாரம் கொடுத்தால் போதும். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் வேர் அப்படியே தங்கிவிடும்.

ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

மாத்திரைக்கு முன் தூண்டும் காரணத்தைத் தேட வேண்டும் என்பதற்கு இந்த வட்டாரம் ஓர் எடுத்துக்காட்டு. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் நெல்லும் தென்னையும் விளையும் வத்திராயிருப்புப் பகுதியும் அதைச் சேர்ந்த கான்சாபுரமும், தெற்கே சென்றால் ராஜபாளையத்தின் நூற்பாலைகளும், பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டியும் உள்ளன. ராஜபாளையம் மில்ஸ் 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜாவால் நிறுவப்பட்டது. மில்லில் பஞ்சுப் பொதியைப் பிரிக்கும் புளோ ரூமிலும் பஞ்சைச் சீவும் கார்டிங் பகுதியிலும் தூசி மிகுதி. வார விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் முதல் நாளில் நெஞ்சு இறுகி, நாள் செல்லச் செல்லக் குறைவது பஞ்சுத் தூசி நோய்க்கான அடையாளம். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அது அறிவிக்கத்தக்க தொழில்நோயாக இடம்பெற்றிருந்தது. இதை ஆஸ்துமா என்று முடிவுகட்டி மாத்திரை தந்தால், தூசி நிற்காதவரை மாத்திரையும் நிற்காது. நோயாளியின் வேலையை விசாரிப்பது இந்த வட்டாரத்தில் முதல் பரிசோதனை. கதிரடிப்புத் தூசி, வைக்கோற்போரின் பூஞ்சை, விறகடுப்பு, தீபாவளி வெடிப்புகை ஆகியவையும் விசாரிக்கத்தக்கவை.

மில் தொழிலாளருக்கு ஈ.எஸ்.ஐ. வசதி உண்டு. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இப்பகுதி மக்கள் நாடும் பெரிய மருத்துவமனை. எங்கே சென்றாலும், மூச்சளவுச் சோதனை, சளிப் பரிசோதனை, கார்ட்டிசோல் அளவு ஆகிய மூன்றும் மாத்திரைக் குறைப்புக்கு அடிப்படை.

எச்சரிக்கை

நீண்ட நாள் மாத்திரை எடுத்தவர்கள் மருத்துவரின் திட்டமின்றி நிறுத்தக்கூடாது. வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தச் சரிவு ஆகியவை அண்ணீரக நெருக்கடியின் அடையாளங்கள். இவற்றுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி உடனே வேண்டும். ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க இயலாத மூச்சுத்திணறல், நிவாரண இன்ஹேலருக்கு மசியாத இரைப்பு, உதடு நீலம் பாய்தல் ஆகியவற்றுக்குக் குறைப்புத் திட்டத்தை ஒதுக்கிவிட்டு 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.