வயிற்றழுத்தம்: கண்டறிந்து மறந்த ஓர் அளவு

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நோயாளியின் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறினால் சிறுநீர் குறையும், மூச்சு திணறும், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் சுருங்கும். இது அண்மையில் கிடைத்த அறிவு என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் பிரான்சில் மாரே வயிற்றழுத்தத்துக்கும் சுவாசத்துக்கும் உள்ள உறவைக் குறித்தது 1863இல். அழுத்தம் ஏற ஏறச் சிறுநீர் சுரப்பது குறைகிறது என்று ஜெர்மன் மொழியில் வெண்ட் எழுதியது 1870களில். 1890இல் ஹைன்ரிசியஸ் விலங்குகளில் சோதித்து, ஓர் எல்லைக்கு மேல் போனால் மூச்சு நின்று அவை இறக்கின்றன என்று காட்டினார். பிற்பாடு நியூயார்க் நகரச் சுகாதார ஆணையராக இருந்த ஹேவன் எமர்சன், 1911இல் நாய்களை வைத்து இதயமும் இதனால் தளர்கிறது என்று நிறுவினார். 1947இல் பிராட்லி என்னும் பெயருடைய இரு ஆய்வாளர்கள் மனிதர்களிடமே சிறுநீரக ரத்த ஓட்டம் குறைவதை அளந்துவிட்டார்கள். அதன் பிறகும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், அறுவைக்குப் பின் வயிறு புடைத்துச் சிறுநீர் நின்றுபோனவருக்குச் சிறுநீரகத்தில்தான் கோளாறு என்று வைத்தியம் நடந்தது. அறிவு பற்றாமல் இது நேரவில்லை. அந்த அறிவு ஓர் எண்ணாக மாறி நோயாளியின் குறிப்பேட்டில் ஏறவில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

ரத்த அழுத்தத்தின் கதையை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரீவா-ரோச்சி 1896இல் கைப்பட்டைக் கருவியைச் செய்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் அது உலகெங்கும் படுக்கைக்குப் படுக்கை போய்ச் சேர்ந்தது. உயர் ரத்த அழுத்தத்துக்கு நல்ல மருந்து வருவதற்கு வெகுகாலம் முன்பே அதை அளக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. இன்னொரு சான்று இன்னும் நெருக்கமானது. லேப்ராஸ்கோப்பி செய்யும்போது வயிற்றுக்குள் கரியமில வாயு செலுத்தும் கருவி அழுத்தத்தைத் திரையில் காட்டிக்கொண்டே இருக்கும். 12 முதல் 15 மி.மீ. பாதரசத்துக்கு மேல் விடாமல் அறுவை அரங்கில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். அதே மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அதே வயிறு 25ஐத் தாண்டினாலும் தெரியாமல் போகலாம். அரங்கில் எண் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, இங்கே யாராவது தேடிப்போய் அளக்க வேண்டும்.

இந்தக் குறையை நேராகத் தொட்டது 1984இல் வர்ஜீனியாவிலிருந்து வந்த கிரான் குழுவின் கட்டுரை. சிறுநீர்ப்பையில் ஏற்கெனவே இருக்கும் குழாய் வழியாகவே அழுத்தத்தை அளக்கலாம் என்றார்கள் அவர்கள். அழுத்தம் 25ஐத் தாண்டிச் சிறுநீரும் குறைந்த 11 பேரில் ஏழு பேருக்கு வயிற்றை மறுபடி திறந்தார்கள். உடனே சிறுநீர் பெருகியது. திறக்கப்படாத நான்கு பேரும் இறந்தார்கள். அதே ஆண்டில் கொலம்பியாவின் பொகோட்டாவில் பொராயெஸ், மூட முடியாத வயிற்றைச் சலைன் பையின் பிளாஸ்டிக்கால் போர்த்தினார். வசதி குறைந்த ஒரு மருத்துவமனை உலகுக்குத் தந்த கொடை அது. 2004இல் வயிற்றழுத்தத்துக்கென ஒரு சர்வதேசச் சங்கம் உருவானது. 12ஐத் தொட்டால் மிகை அழுத்தம், 20ஐத் தாண்டி நிலைத்து ஓர் உறுப்பு புதிதாகச் செயலிழந்தால் அழுத்த நோய்க்கூட்டு என்று 2006இல் வரையறுத்தார்கள். 2013இல் வழிகாட்டியைப் புதுப்பித்தார்கள்.

பிறகு நாடு நாடாக மருத்துவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தபோது, பெயரை அறிந்தவர்கள் நிறைய, வரையறையையும் அளக்கும் முறையையும் சரியாகச் சொன்னவர்கள் குறைவு. இதைக் கண்டு மருத்துவர்கள் படிப்பதில்லை என்று முடிவு கட்டுவது எளிது. வரலாறு வேறு விடை தருகிறது. 1911இல் அச்சில் வந்ததை யாரும் தடுக்கவில்லை. அச்சிட்டது மட்டும் போதவில்லை. வயிற்றைக் கையால் அழுத்திப் பார்த்தே அனுபவசாலி கண்டுகொள்வார் என்பவர்கள் உண்டு. 2000த்தை ஒட்டி வந்த ஆய்வுகளில், தேர்ந்த கைகளும் உயர்ந்த அழுத்தத்தில் பெரும்பங்கைத் தவறவிட்டன.

அளப்பதால் உயிர் பிழைக்கிறது என்று நிறுவும் பெரிய சோதனை இல்லையே என்பது கனமான ஆட்சேபம். 2013 வழிகாட்டியே தன் பரிந்துரைகள் பலவற்றின் ஆதாரம் வலுக்குறைந்தது என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் நாடித்துடிப்பைக் குறிப்பதற்கும் அப்படியொரு சோதனை நடக்கவில்லை. விபத்து நோயாளிகளுக்கு இப்போது சலைனை முன்போல் வாரிக் கொட்டுவதில்லை, அதனால் இந்தச் சிக்கல் அருகிவிட்டது என்பதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அது காயம்பட்டவர்களுக்குத்தான் பெரிதும் பொருந்தும். கணைய அழற்சி, தீக்காயம், செப்சிஸ், வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் கடும் டெங்கு என்று மற்ற வாசல்கள் திறந்தே இருக்கின்றன. 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், தீவிர சிகிச்சைக்கு வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மிகை அழுத்தம் இருந்தது.

அளப்பதற்குப் புதிய இயந்திரம் வேண்டாம். நோயாளியை மல்லாத்திப் படுக்கவைத்து, 25 மி.லி.க்கு மேற்படாத சலைனைச் சிறுநீர்ப்பையில் விட்டு, அக்குளின் நடுக்கோட்டைச் சுழியமாக வைத்து, மூச்சு வெளியேறி முடியும் கணத்தில் பார்க்க வேண்டும். செவிலியர் சில நிமிடங்களில் செய்துவிடுவார். ஆகவே இனி வரும் கேள்வித்தாள்கள், வழிகாட்டியைப் படித்தீர்களா என்று மருத்துவரைக் கேட்பதோடு, உங்கள் பிரிவின் மணிக்குறிப்புத் தாளில் வயிற்றழுத்தத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறதா, அதை நிரப்பும் பொறுப்பு யாருடையது என்றும் கேட்க வேண்டும்.