இரும்புச் சட்டிக்கு என்ன விலை கொடுக்கலாம்?

போன தீபாவளிக்கு முன்னால், ஒரு இரும்பு ஃப்ரைபேனுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் கொடுக்கலாமா என்று இரண்டு வாரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பிரான்ஸில் செய்தது. பார்க்க ஒன்றும் பிரமாதமாக இல்லை. சாம்பல் நிறத் தகடு, நீளமான கைப்பிடி, மூன்று ரிவெட். அவ்வளவுதான். போனில் படத்தைக் காட்டினேன். "எதுல செஞ்சது?" என்று கேட்டாள் அம்மா. "இரும்புதாம்மா." "இரும்புக்கா ஒன்பதாயிரம்?" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. ஆனால் ஏன் தேடினேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு தோசைக்கல் இருந்தது. அப்பாவைப் பெற்ற பாட்டி காலத்துக் கல். கண்ணாடி மாதிரி கறுப்பாக மின்னும். 1999இல் எனக்கு முதல் வேலை கிடைத்ததும், அம்மாவுக்கு ஒரு நான்ஸ்டிக் தவா வாங்கிக் கொடுத்தேன். "இனிமே இந்தக் கனத்தையெல்லாம் தூக்காதே" என்று சொல்லி, பழைய கல்லை நானே எடுத்துப்போய்ப் பழைய இரும்பு வாங்குகிறவரின் தராசில் வைத்தேன். இரண்டு வருஷத்தில் தவாவின் பூச்சு உரிந்தது. அதற்குப் பிறகு வீட்டில் எத்தனை தவா வந்து போனது என்று கணக்கில்லை. அந்தக் கல் மட்டும் திரும்பி வரவில்லை.

ஆக, ஒன்பதாயிரம் ரூபாய்க்கு நான் வாங்கப் பார்த்தது சட்டி மட்டும் இல்லை. அதனாலேயே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருந்தது.

கரி

இரும்புச் சட்டியின் விலையை முதலில் தீர்மானித்தது இரும்புத் தாது அல்ல, எரிபொருள். சீனாவில் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இரும்பை உருக்கி அச்சில் வார்க்கத் தெரிந்திருந்தது. ஐரோப்பாவில் அது வெகு காலம் கழித்துத்தான் வந்தது. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டு முடியும்வரை நல்ல சமையல் பானை என்றால் பித்தளையில் வார்த்ததுதான். விலையும் அதிகம். இரும்புப் பானைக்குக் களிமண் குழைத்து ஒவ்வொன்றுக்கும் அச்சு செய்து காயவைக்க வேண்டும். வருகிற பானையும் தடியாக, கனமாக இருக்கும்.

இதை மாற்றியவர் ஆபிரகாம் டார்பி. பிரிஸ்டலில் பித்தளை வார்ப்பு வேலையில் இருந்தவர். ஜான் தாமஸ் என்ற பையன் அவரிடம் தொழில் பழகினான். இருவரும் சேர்ந்து, களிமண் இல்லாமல் வெறும் மணலில் அச்செடுத்து இரும்புப் பானை வார்க்கும் முறையைக் கண்டார்கள். 1707இல் டார்பி அதற்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு செவர்ன் நதிக்கரையில் கோல்புரூக்டேல் என்ற ஊரில் ஒரு பழைய உலையைக் குத்தகைக்கு எடுத்து, 1709இல் மரக்கரிக்குப் பதில் கல்கரியைப் போட்டு இரும்பை உருக்கினார்.

பாடப்புத்தகங்கள் இதைத் தொழிற்புரட்சியின் தொடக்கம் என்று எழுதும். ரயிலும் பாலமும் நம் நினைவுக்கு வரும். ஆனால் டார்பி அந்த இரும்பை வைத்துச் செய்தது பானை, சட்டி. கல்கரியில் உருக்கிய இரும்பில் சிலிக்கன் கூடுதலாக இருக்கும்; குழம்பு நன்றாக ஓடும். அதனால் மெல்லிய சுவர் வைத்துப் பானை வார்க்கலாம். இரும்பு குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு. அதுதான் அவருடைய வியாபாரம்.

எரிபொருள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற முன்னாள் கம்பெனி அதிகாரி பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலம் பக்கத்துத் தாது அருமையான தாது. ஆனால் உலைக்கு மரக்கரிதான். காட்டை வெட்டி வெட்டி எவ்வளவு நாள் ஓட்டுவது? அந்தத் தொழில் நிலைக்கவில்லை. தாது நன்றாக இருந்தால் மட்டும் இரும்பு மலிவாகிவிடாது என்பதற்குப் பரங்கிப்பேட்டை ஒரு பாடம். அதே 1830ஐத்தான் பிரான்ஸில் வோஸ்ஜ் மலைப்பகுதியின் தெ புயே நிறுவனமும் தன் தொடக்க ஆண்டாகச் சொல்கிறது. நான் ஆசைப்பட்ட சட்டி அவர்களுடையது.

கை

கரி மலிவானதும் சட்டியின் விலையில் மிஞ்சியது கைவேலை. அமெரிக்காவில் இது நன்றாகத் தெரிகிறது. பென்சில்வேனியாவின் எரி நகரத்தில் 1865இல் தொடங்கிய கிரிஸ்வோல்டு, ஒஹையோவின் சிட்னி நகரத்தில் 1891இல் தொடங்கிய வாக்னர் இரண்டும் வார்ப்பிரும்புச் சட்டிக்குப் பேர்போனவை. மணல் அச்சிலிருந்து எடுத்த சட்டியின் உள்பக்கம் சொரசொரவென்று இருக்கும். அதை அவர்கள் சாணை பிடித்து வழவழப்பாக்கி விற்றார்கள். பழைய கிரிஸ்வோல்டு சட்டியைத் தடவிப் பார்த்தவர்கள் பட்டு மாதிரி என்பார்கள்.

பிறகு கூலி ஏறியது. அலுமினியமும் எவர்சில்வரும் வந்தன. 1938இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட டெஃப்லானை, பிரான்ஸில் மார்க் கிரெகோயர் அலுமினியச் சட்டியில் ஒட்டவைத்தார்; 1956இல் டெஃபால் நிறுவனம் பிறந்தது. அடுத்த ஆண்டே, 1957இல், எரி நகரத்துக் கிரிஸ்வோல்டு ஆலை மூடப்பட்டது. டெஃப்லான் அப்போது அமெரிக்கக் கடைகளுக்கே வரவில்லை. ஆகவே பழியை அதன் தலையில் போட முடியாது. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசியது என்பது தெரிகிறது.

தாக்குப்பிடித்த பெரிய பட்டறை, டென்னசி மாநிலத்தில் 1896 முதல் இருக்கும் லாட்ஜ். அவர்கள் சாணை வேலையைத் தவிர்த்துச் சொரசொரப்பாகவே விற்கிறார்கள். அதனால் விலை மலிவு. 2002இல் இன்னொரு காரியமும் செய்தார்கள். சட்டியில் எண்ணெய் பூசி, ஆலையிலேயே சுட்டு, பழக்கிய சட்டியாக விற்க ஆரம்பித்தார்கள். அதுவரை பழக்குவது வாங்குகிறவர் பாடு.

2010களில் புதிய நிறுவனங்கள் கிளம்பின. ஃபினெக்ஸ், ஸ்மிதி, ஃபீல்டு கம்பெனி. எல்லாருடைய விளம்பரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பாட்டி காலத்துச் சட்டி மாதிரி நுணுக்கமான வேலை, வழவழப்பான உள்பக்கம். சில நிறுவனங்கள் எடைக்குறைவையும் சேர்த்துக்கொண்டன. விலை மட்டும் லாட்ஜைவிடப் பல மடங்கு. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மெல்லிசு, லேசு என்பது 1707இல் டார்பி சட்டியை *மலிவாக்கிய* சங்கதி. முந்நூறு வருஷம் கழித்து அதே சங்கதி விலையை *ஏற்றுகிறது*. இரும்பு மாறவில்லை. கைவேலைக்கான கூலிதான் மாறியிருக்கிறது. 2019இல் லாட்ஜே ஃபினெக்ஸை வாங்கிக்கொண்டது வேறு கதை.

சரி, அந்த வழவழப்பு தேவையா? முதல் சில மாதம் உதவும். அதற்கப்புறம் தோசையைத் தாங்குவது இரும்பு இல்லை, அதன்மேல் படிந்த எண்ணெய்ப் படலம். எண்ணெயை மெல்லிசாகப் பூசிச் சூடேற்றினால் அது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கெட்டியான படலமாக இறுகிவிடும். சொரசொரப்பான சட்டியில் அந்தப் படலம் பள்ளங்களை நிரப்பிக்கொண்டு உட்காரும். ரொம்ப வழவழப்பான சட்டியில் சில சமயம் பிடிமானம் இல்லாமல் செதில் செதிலாக உரியவும் செய்யும்.

கனம்

விலைக்கு உண்மையிலேயே அர்த்தம் இருக்கிற இடம் கனம்தான். இரும்பு சூட்டைக் கடத்துவதில் மட்டம். அலுமினியம் அதைவிட நாலைந்து மடங்கு வேகமாகக் கடத்தும். ஆனால் ஒரே அளவு, ஒரே கனம் உள்ள இரண்டு தட்டை எடுத்தால், இரும்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சூட்டைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அதனால்தான் ஈர மாவை ஊற்றினாலும் கல் சட்டென்று ஆறிப்போவதில்லை. தகடு மெல்லிசாக இருந்தால் இந்த லாபம் போச்சு. போதாக்குறைக்கு, பெரிய தீயில் நடுப்பகுதி மட்டும் விரிந்து வயிறு தள்ளிவிடும்.

ஒரு கணக்குப் போட்டேன். 26 செ.மீ. குறுக்களவு, 3 மி.மீ. கனம் உள்ள எஃகுத் தட்டு சுமார் 1¼ கிலோ. அதே அளவில் 4.5 மி.மீ. வார்ப்பிரும்பு 1.7 கிலோ. சுவரும் கைப்பிடியும் சேர்ந்தால் இரண்டு கிலோவைத் தாண்டும். அம்மாவுக்கு மணிக்கட்டு வலி. வார்ப்பிரும்பு அன்றைக்கே பட்டியலிலிருந்து போய்விட்டது.

மிஞ்சியது தகட்டுச் சட்டி, அதாவது கார்பன் ஸ்டீல். எஃகுத் தகட்டை வெட்டி, அழுத்தி வடிவம் கொடுத்து, கைப்பிடி ரிவெட் அடித்தது. துருப் பிடிக்காமல் இருக்கத் தேன்மெழுகு பூசி வருகிறது. இந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் அடுக்கி வைத்திருக்கிற தகட்டுத் தோசைக்கல்லும் இதே சாதிதானே! இரண்டிலும் பெரும்பங்கு இரும்பு, துளி கார்பன். வித்தியாசம் என்ன என்றால், பிரெஞ்சுச் சட்டியில் தகடு எல்லா இடத்திலும் ஒரே கனம், அடிப்பாகம் நல்ல மட்டம், கைப்பிடி ஆடாது. கடைத்தெருவில் நூற்றுக்கு நூறு அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. பார்த்து எடுக்க வேண்டும். பார்த்து எடுக்கத் தெரிந்தால் அந்த ஒன்பதாயிரத்தில் பெரும்பகுதி மிச்சம்.

அதனால் கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு இரும்பு அளவுகோலை நிறுத்திவைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். விரலால் சுண்டி ஓசை கேட்டேன். "என்ன தம்பி, கல்லு வாங்க வந்தீங்களா, மத்தளம் வாங்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர். ஏழாவது கல் மட்டமாக இருந்தது. 3 மி.மீ. கனம். எழுநூற்று ஐம்பது ரூபாய்.

காலம்

வீட்டில் அம்மா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சோறு வடித்த கஞ்சியை ஊற்றி மூன்று நாள் வைத்தாள். நான்காம் நாள் தேய்த்துக் கழுவி, அரை வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுத் தொட்டுச் சூட்டில் தேய்த்தாள். முதல் தோசை பிய்ந்தது. இரண்டாவதும்தான். மூன்றாவது வாரம்தான் ஒரு முழுத் தோசை வந்தது.

"பழைய கல்லு மாதிரி இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"எப்படிடா இருக்கும்? அதுக்கு அறுபது வருஷம் ஆச்சே" என்றாள். பிறகு, "நீ அதை எடுத்துட்டுப் போனப்ப எனக்கு வருத்தம்னு நினைச்சியா? கொஞ்சம் நிம்மதியாத்தான் இருந்துச்சு. தினம் துடைச்சு, எண்ணெய் தடவி, மழைக்காலத்துல துரு பார்த்து... யாரு செஞ்சா எல்லாம்?"

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. என் குறிப்புகளில் கரி இருந்தது, கூலி இருந்தது, சிலிக்கன்கூட இருந்தது. வாங்கிய பிறகு அந்தச் சட்டியைச் சட்டியாக வைத்திருந்த வேலை எந்தப் பக்கத்திலும் இல்லை. கோல்புரூக்டேலிலும் சரி, எரியிலும் சரி, கும்பகோணத்திலும் சரி, அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதற்குக் கூலி கிடையாது, ஆகவே விலைச்சீட்டிலும் இல்லை. நான்ஸ்டிக் அத்தனை வேகமாக எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்ததற்கு விளம்பரம் மட்டும் காரணமில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

ஆகவே கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கனமும் மட்டமும் கிடைக்கும் என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள், தப்பில்லை. பார்த்து வாங்க நேரமில்லை, நல்ல கடை பக்கத்தில் இல்லை என்றால் விலை உயர்ந்த பிரெஞ்சுச் சட்டியும் நியாயமான பொருள்தான், ஏமாற்று இல்லை. வழவழப்புக்கும் பாட்டி காலத்துப் பெயருக்கும் கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வீட்டில் அதைத் துடைத்து எண்ணெய் தடவி வைக்கப்போவது யார்? அது நீங்கள் இல்லை என்றால், எழுநூற்று ஐம்பதும் அதிகம்தான்.

எங்கள் வீட்டில் ராத்திரி கடைசித் தோசைக்குப் பிறகு கல்லைத் துடைத்து வைப்பது இப்போது நான்தான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "ஓரத்துல விட்டுட்டே பாரு" என்பாள். விட்டுத்தான் இருப்பேன்.