கார் எஞ்சின் மாற்றியமைப்பின் வரலாறு: கார்பரேட்டர் முதல் ரீமேப் வரை

அன்றாடப் பயன்பாட்டுக்கென ஆலையில் தயாரித்து விற்கப்பட்ட ஒரு காரை, கூடுதல் வேகத்துக்காகவோ திறனுக்காகவோ பின்னர் மாற்றுவது கார் மாற்றியமைப்பு எனப்படுகிறது. தொடக்கத்தில் இது கடைசல் இயந்திரமும் ஸ்பேனரும் கொண்டு செய்யும் வேலையாக இருந்தது. இன்று அதன் முக்கியமான வடிவம் ரீமேப். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில் உள்ள எண்களைத் திருத்தி எழுதுவதே ரீமேப். ஏறத்தாழ நூறாண்டு நீளும் இந்த வரலாற்றில் கருவிகள் மாறின. ஆலை விட்டுவைத்த இடைவெளியில் எவ்வளவு எடுக்கலாம், அதற்கான விலையை யார் கொடுப்பது என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

தொடக்கம்

ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி 1908 முதல் 1927 வரை தயாரிக்கப்பட்டது. 1.5 கோடிக்கும் மேல் விற்ற இந்தக் காரின் 2.9 லிட்டர் எஞ்சின் தந்த திறன் சுமார் 20 குதிரைத்திறன்தான். கார் மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் இருந்ததால், அதற்கான மாற்று உதிரிபாகங்களைச் செய்து விற்பது தனித் தொழிலாக வளர்ந்தது. லூயி செவ்ரோலே சகோதரர்களின் ஃபிரான்டெனாக் நிறுவனம் மாடல் டி எஞ்சினுக்கென வால்வுகள் மேலே அமைந்த புதிய சிலிண்டர் ஹெட்டைத் தயாரித்தது. காற்று எளிதாக உள்ளே போய் வெளியே வந்ததால் அதே எஞ்சின் கூடுதல் திறன் தந்தது.

1932இல் ஃபோர்டு தன் மலிவு விலைக் காரில் 65 குதிரைத்திறன் கொண்ட வி8 எஞ்சினைப் பொருத்தியது. தெற்கு கலிபோர்னிய இளைஞர்கள் இந்தக் கார்களைப் பழையதாக வாங்கினர். மட்காப்புகளைக் கழற்றி எடையைக் குறைத்தனர். ஒரு கார்பரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தனர். அழுத்த விகிதத்தைக் கூட்டினர், கேம்ஷாஃப்டை வேறு வடிவத்தில் கடைந்தனர். மியூராக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டி வேகத்தை அளந்தனர். இத்தகைய கார் 'ஹாட் ராட்' என்று பெயர் பெற்றது. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் 'ஹாட் ராட்' இதழைத் தொடங்கினார். பொதுச் சாலைகளில் பந்தயம் விடுவது பெரும் சிக்கலாக மாறியிருந்த நிலையில், அதை முறைப்படுத்தப்பட்ட ஓடுதளங்களுக்குக் கொண்டுசெல்லும் நோக்கத்துடன் 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை அமைத்தார்.

மினி கூப்பர்

ஐரோப்பாவில் இந்த வேலை சிறிய குடும்பக் கார்களை மையமாகக் கொண்டு வளர்ந்தது. கார்லோ அபார்த் 1949இல் இத்தாலியில் தொடங்கிய நிறுவனம் ஃபியட் கார்களுக்கான சைலன்சர்களாலும் மாற்றுப் பாகத் தொகுப்புகளாலும் புகழ்பெற்றது. 1971இல் ஃபியட்டே அந்நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

மாற்றியமைப்பு முழுக் காரையும் பற்றியது என்பதற்குத் தெளிவான சான்று பிரிட்டனின் மினி. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1959இல் 848 சிசி எஞ்சினுடனும் 34 குதிரைத்திறனுடனும் வந்தது. பந்தயக் கார் தயாரிப்பாளரான ஜான் கூப்பரின் முயற்சியால் 1961இல் மினி கூப்பர் உருவானது. அதன் எஞ்சின் 997 சிசியாகவும் திறன் 55 குதிரைத்திறனாகவும் உயர்ந்தன. இரட்டைக் கார்பரேட்டர்களோடு முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் சேர்க்கப்பட்டது. ஓடும் வலிமை கூடினால் நிற்கும் வலிமையும் கூட வேண்டும் என்ற கணக்கு இதில் இருந்தது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியில் மினி கூப்பர் எஸ் வென்றது.

கணினியின் வருகை

அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டு தூய காற்றுச் சட்டம் எஞ்சின் வடிவமைப்பின் திசையை மாற்றியது. புகையைக் குறைக்கும் வினையூக்கி மாற்றிகள் 1975 மாடல் கார்களில் பரவலாயின. மூன்று வகை மாசுகளை ஒருங்கே குறைக்கும் மாற்றி ஒழுங்காக வேலை செய்ய, 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தை எஞ்சின் விடாமல் காக்க வேண்டும். கார்பரேட்டரால் அந்தத் துல்லியம் முடியவில்லை. பாஷ் நிறுவனம் எரிபொருளையும் தீப்பொறி நேரத்தையும் ஒரே கணினியால் கட்டுப்படுத்தும் மோட்ரானிக் அமைப்பை 1979இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் அறிமுகப்படுத்தியது.

இக்கணினியின் நினைவகத்தில் அட்டவணைகள் உள்ளன. ஒரு பக்கம் எஞ்சினின் சுழற்சி வேகம், மறுபக்கம் அதன் மீதான சுமை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எத்தனை டிகிரி முன்னதாகப் பொறி விழ வேண்டும், எவ்வளவு எரிபொருள் தெளிக்க வேண்டும் என்ற எண் இருக்கும். இந்த அட்டவணைதான் 'மேப்'. அதைத் திருத்துவது 'ரீமேப்'.

1980களில் இந்த எண்கள் தனிச் சில்லில் இருந்தன. மாற்றுபவர்கள் அச்சில்லைக் கழற்றி, உள்ளடக்கத்தைப் படித்து, எண்களைத் திருத்தி வேறு சில்லில் எழுதிப் பொருத்தினர். சில்லு மாற்றம் என்ற பெயர் இதிலிருந்து வந்தது. 1990களில் அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் நினைவகம் பரவியது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 என்னும் பொதுவான சோதனை இணைப்பு கட்டாயமானது. பழுதறிய வைத்த அந்த வாசல் ரீமேப்புக்கும் வாசலானது. பல கார்களில் கணினியைத் திறக்காமலே, ஸ்டியரிங்கின் அடியில் ஒரு கம்பியைச் சொருகி வேலையை முடிக்க முடிந்தது.

ரீமேப் தருவதும் எடுப்பதும்

ஒரே எஞ்சின் பல நாடுகளில், பல தர எரிபொருளில், கடும் வெயிலிலும் குளிரிலும், நேரத்துக்கு எண்ணெய் மாற்றாத உரிமையாளரிடமும் ஓட வேண்டும். ஆகவே ஆலை ஒரு பாதுகாப்பு இடைவெளியை விட்டே எண்களை அமைக்கிறது. ரீமேப் எடுத்துக்கொள்வது அந்த இடைவெளியைத்தான். டர்போ உள்ள எஞ்சினில் காற்றழுத்தத்தைக் கூட்ட முடியும் என்பதால் பயன் அதிகம். டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் எஞ்சினில் பயன் மிகக் குறைவு.

பொறி மிக முன்னதாக விழுந்தாலும் எரிபொருளின் ஆக்டேன் எண் போதாவிட்டாலும் கலவை தானாக வெடித்துத் தட்டும். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பர். தொடர்ந்தால் பிஸ்டன் சேதமாகும். இந்தியாவில் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண் முன்பு 91 ஆக இருந்தது. ஐரோப்பாவில் பரவலாக விற்பது 95. அங்கே பொருந்திய மேப் அப்போது இங்கே அப்படியே பொருந்தவில்லை. திறன் கூடும்போது கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக், டயர் ஆகியவற்றின் மீதும் சுமை கூடுகிறது.

மென்பொருளால் எல்லாம் முடியாது என்பதற்கு இந்தியாவில் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின். 2007 முதல் மாருதி ஸ்விஃப்டிலும் வந்த இது 75, 90 குதிரைத்திறன் என இரு வடிவங்களில் இருந்தது. 90க்கு வேறு வகை டர்போவையே ஆலை பொருத்தியது. 75ஐ எண்களால் மட்டும் 90ஆக்கும்போது, சிறிய டர்போவே அந்தக் கூடுதல் வேலையையும் செய்ய நேர்கிறது.

தமிழ்நாட்டில்

சென்னைக்கு அருகே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில் பல ஆண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. இறக்குமதி அரிதாக இருந்த அக்காலத்தில் ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு போன்ற வீட்டுக் கார்களே மாற்றியமைக்கப்பட்டு ஓடின. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், 796 சிசி மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை 1980களின் இறுதியில் உருவாக்கினார். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் இவ்வகைக் காரில் தொடங்கியவர். கரிவரதன் 1995இல் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

புகையும் சட்டமும்

ரீமேப்பின் மிகக் கடுமையான விளைவு காருக்கு வெளியே நிகழ்கிறது. டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியை அகற்றிவிட்டு, அது இல்லாததைக் கணினி கண்டுகொள்ளாதபடி எண்களை மாற்றும் வழக்கம் பல நாடுகளில் பரவியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2020ஆம் ஆண்டு அறிக்கை, முந்தைய பத்தாண்டுகளில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் மாசுக் கட்டுப்பாடு அகற்றப்பட்டதாக மதிப்பிட்டது. தனியார் மட்டும் இதைச் செய்யவில்லை. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருளை ஃபோக்ஸ்வேகன் நிறுவனமே பொருத்தியிருந்தது 2015இல் வெளிப்பட்டது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்கள் இதில் அடங்கின.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்ற மாற்றங்களைச் சோதித்து வாகன ஆவணத்தில் பதிவு செய்யும் முறை உள்ளது. அமெரிக்காவில் வாகன மென்பொருளைப் பழுதுபார்க்கவும் சட்டத்துக்கு உட்பட்டு மாற்றவும் உரிமையாளருக்கு 2015இல் பதிப்புரிமை விலக்கு கிடைத்தது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்தில் தொடங்கிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. அங்கீகரிக்கப்பட்ட தொகுப்பைக் கொண்டு எரிவாயுவுக்கோ மின்கலத்துக்கோ மாற்றுவதற்கு விலக்கு உண்டு.

இரட்டைக் கார்பரேட்டரைப் பார்த்ததும் சோதிப்பவருக்குத் தெரிந்துவிடும். திருத்திய எண் கண்ணுக்குத் தெரியாது. பழைய காரை வாங்குபவர், முன்னவர் செய்த ரீமேப்பை அறியாமலே அதன் தேய்மானத்தையும் சட்டப் பொறுப்பையும் சேர்த்து வாங்க நேரிடுகிறது.