கறுத்த ஆயில்

எங்கள் சக்குபள்ளம் பக்கம் ஜீப் ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பானெட்டைத் திறந்து, டிப் ஸ்டிக்கை உருவி, ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பார்கள். கறுத்திருந்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். வெளிநாட்டுக்கு வந்து, சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே ஆயில் மாற்றும் நம்மவர்கள் பலருக்கும் இன்னும் அந்த விரல்தான் அளவுகோல். அந்தக் கணக்கு எந்தக் காலத்தது, இன்றைக்குச் செல்லுமா என்று பார்க்கலாம். நான் மெக்கானிக் இல்லை, பி.காம் படித்த வங்கிக்காரன். பழைய கணக்கைத் தோண்டுவது மட்டும்தான் தெரியும்.

மாட்டு வண்டியிலிருந்து ஆரம்பிப்போம். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் தடவுவார்கள். அதுதான் வண்டி மை. சின்ன வயதில் மூக்கைப் பிடித்து நமக்குப் புகட்டினார்களே, அதே எண்ணெய்! அது எஞ்சினுக்குள்ளும் போயிருக்கிறது. 1899ல் லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டு ஆரம்பித்த கம்பெனி, 1909ல் விளக்கெண்ணெய் கலந்த ஒரு ஆயிலுக்கு 'காஸ்ட்ரால்' என்று பெயர் வைத்தது. ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் காஸ்டர், அதிலிருந்து வந்த பெயர். முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கும் விளக்கெண்ணெய்தான். பெட்ரோலோடு எளிதில் கலக்காது என்பது காரணம். அதற்கான ஆமணக்கு விதையில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது.

ஆரம்ப காலக் கார்களில் ஆயில் வடிகட்டியே கிடையாது. ஃபோர்டு மாடல் டி காரில் டிப் ஸ்டிக்கும் இல்லை. காருக்கு அடியில் தலையை விட்டு, எஞ்சினின் அடிப்பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்னக் குழாய்களைத் திறந்து பார்க்க வேண்டும். மேல் குழாயில் ஆயில் வந்தால் போதுமான அளவு இருக்கிறது, கீழ்க் குழாயிலும் வராவிட்டால் ஆபத்து. 1923ல் ஸ்வீட்லண்டும் கிரீன்ஹால்ஜும் சேர்ந்து ஆயில் வடிகட்டியைக் கொண்டு வந்தார்கள். அதற்கு முன்பு சில நூறு மைலுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றியாக வேண்டியிருந்தது. கண்ணும் விரலும் பார்த்துச் சொன்னதே தீர்ப்பு. அந்தக் காலத்துக்கு அது சரிதான்.

கதை திரும்பியது 1930களில். அமெரிக்காவின் கேட்டர்பில்லர் டிராக்டர்களில் டீசல் எஞ்சின் வந்தபோது, புகைக்கரி படிந்து பிஸ்டன் ரிங்குகள் அப்படியே ஒட்டிக்கொண்டன. கரியை ஓரிடத்தில் படிய விடாமல் ஆயிலிலேயே மிதக்க வைக்க, டிடர்ஜென்ட் சேர்த்த ஆயிலைச் செய்தார்கள். துணி துவைத்த தண்ணீர் கறுப்பதில்லையா? அதே கதைதான். நல்ல ஆயில் கறுக்கத்தான் செய்யும், டீசல் வண்டியில் சீக்கிரமே கறுக்கும். கறுக்காத ஆயிலைப் பார்த்துத்தான், அழுக்கெல்லாம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறதோ என்று கேட்க வேண்டும்! ஆயில் மாறி 90 வருடம் ஆகிறது, நம் விரல் இன்னும் மாறவில்லை.

இந்தியாவில் 1947ல் மஹிந்திரா வில்லிஸ் ஜீப்புகளைக் கொண்டுவந்து பூட்டத் தொடங்கியது. பிறகு ஏலத்தோட்டத்து மேடுகளில் ஜீப்பே எல்லாமாகிவிட்டது. கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து கூலிக்காரர்களை ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முனகிக்கொண்டே ஏறும் வண்டிக்கு, கிலோமீட்டர் குறைவு, உழைப்பு அதிகம். மீட்டரை மட்டும் பார்த்தால் அங்கே ஏமாந்து போவோம். டிரைவர்களே ஆயில் மாற்றக் கற்றுக்கொண்டது இந்தக் கட்டாயத்தால்தான். 1972ல் இந்தியன் ஆயிலின் சர்வோ வந்தது. வெயிலுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்றிருந்த தனித்தர ஆயில்கள் போய், 20டபிள்யூ-40 போன்ற பலதர ஆயில்கள் நம் ஊர்க் கடைகளில் பரவின. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து, அதற்கு முன்னால் இருக்கும் எண் எவ்வளவு சிறியதோ குளிரில் அவ்வளவு இளக்கமாக ஓடும். பனி கொட்டும் நாட்டில் இருப்பவர்கள் ஊர்ப் பழக்கத்தில் 20டபிள்யூவைத் தேடக் கூடாது, கார் புத்தகத்தில் போட்டிருப்பதுதான் சரி. பத்து நிமிட ஓட்டத்தில் எஞ்சின் சரியாகச் சூடாகாது, தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆகவே கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் வேண்டும். இரண்டையும் நோட்டில் எழுதி வையுங்கள். தேதி இல்லாத வவுச்சரை நான் பாஸ் பண்ணுவதில்லை.

குச்சியைப் பார்க்கவே வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். அளவு இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்கிறதா? பால் மாதிரி வெளுத்திருக்கிறதா (தண்ணீர் கலந்திருக்கிறது)? பெட்ரோல் வாடை அடிக்கிறதா? குச்சி சொல்வது இவற்றைத்தான். சில ஜெர்மன் கார்களில் அந்தக் குச்சியையும் எடுத்துவிட்டுத் திரையில் காட்டுகிறார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை. மாற்றும்போது ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயில் தடவி, கையாலேயே முறுக்கினால் போதும். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புதுசைப் போட வேண்டும்.

அந்தக் கறுப்பு எஞ்சினை விட்டு இறங்கிய பிறகு எங்கே போகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. ஆயில் சுமந்து வருவது வெறும் கரி அல்ல. தேய்ந்த உலோகம், துத்தநாகம், புற்றுநோய் உண்டாக்கும் கரிமப் பொருட்கள், 2000 வரை நம் நாட்டுப் பெட்ரோலில் இருந்த ஈயமும்கூட. ஊரில் அதைக் கரையானுக்கு மரத்தூணில் பூசுவார்கள், மீதியை ஓடையோரத்தில் ஊற்றுவார்கள். 2024 ஏப்ரல் முதல், பயன்படுத்திய எண்ணெயைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு எண்ணெய் விற்கும் கம்பெனிகளுக்கு விதியாகவே வந்திருக்கிறது. ஊரில் ஜீப் வைத்திருக்கும் மச்சானுக்கு அடுத்த முறை போன் போட்டால் இதையும் சொல்லுங்கள்: வடித்ததை மூடி போட்ட கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கச் சொல்லுங்கள். அணக்கரையை ஒட்டிய செல்லார்கோவிலில் நின்று பார்த்தால் தெரியும், அருவிக்குழியில் விழும் தண்ணீர் நேரே கீழே தமிழ்நாட்டுப் பக்கம், கம்பம் பள்ளத்தாக்குக்குத்தான் இறங்குகிறது.