கேள்விக்குறியாகிப் போன கடிதம்

போன மாசம் ஊருக்குப் போனப்ப அம்மா ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை நீட்டினாங்க. "தாத்தா கனடாவுல மாமா வீட்ல இருந்தப்ப எனக்கு மெயில் போடுவாரு. அதை எடுத்துக் குடுடா." 2002-ல எழுதினது. தாத்தா இப்ப இல்ல. மொத்தம் 11 மடல். திறந்தா ஒண்ணுலயும் தமிழ் இல்ல. தலையில கோடும் புள்ளியும் வச்ச ஐரோப்பிய எழுத்துகளா வரிசை கட்டி நிக்குது. பொட்டி தட்டுற பையனுக்கு இது கூடவா முடியாதுன்னு அம்மா பார்த்த பார்வை இருக்கே... :-)

இந்தக் கோளாறுக்கு என்னை விட வயசு அதிகம் மக்களே. மின்னஞ்சல் அனுப்புற எஸ்.எம்.டி.பி. நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982-ல எழுதினப்ப ஒரு எழுத்துக்கு 7 பிட்தான். அதாவது 128 இடம். ஆங்கிலத்துக்கு அது தாராளம். மத்த மொழிக்காரங்க எட்டாவது பிட்டைப் பயன்படுத்தினா, வழியில இருக்கிற சர்வர் அதை வெட்டிடலாம்.

ரஷ்யாக்காரங்க கில்லாடிங்க. கோய்-8 குறியீட்டுல தங்கள் எழுத்துகளை, ஒத்த ஒலியுள்ள ஆங்கில எழுத்துக்கு 128 இடம் தள்ளி வச்சாங்க. எட்டாவது பிட் போனாலும் தங்கிலீஷ் மாதிரி படிச்சுடலாம். பெரிய எழுத்து சின்னதாவும் சின்னது பெரிசாவும் இருக்கும், அவ்ளோதான். ஜப்பான்காரங்க 7 பிட்டுக்குள்ளயே அடங்குற ஐ.எஸ்.ஓ.-2022-ஜே.பி.யை வச்சு மடல் அனுப்பினாங்க. அப்படியும் தொல்லை தீரல. குலைஞ்ச எழுத்துக்கு 'மொஜிபாகே'ன்னு அவங்க மொழியில தனிப் பேரே இருக்கு.

1992-ல மைம் வந்துச்சு. 8 பிட்டை 7 பிட்டுக்குள்ள மடிச்சு அனுப்பவும், இது இன்ன குறியீடுன்னு மடலோட தலைப்பகுதியில சொல்லவும் வழி கிடைச்சுது. ஆனா லேபிளைச் சரியா ஒட்டணுமே! தாத்தா எழுதினது திஸ்கி. அதுல ஆங்கிலம் முதல் 128 இடத்துல, தமிழ் அடுத்த 128-ல. மடல்ல ஒட்டியிருந்த லேபிளோ மேற்கு ஐரோப்பியக் குறியீடு.

பைட்டுகள் பத்திரமா இருந்ததால ஒரு சின்ன நிரல் போதுமா இருந்துச்சு. ஒரே சிக்கல் கொம்புதான். திஸ்கியில அது கண்ணுக்குத் தெரியுற மாதிரி எழுத்துக்கு முன்னாடி வரும், ஒருங்குறியில பின்னாடி. அதையும் இடம் மாத்தினதும் 10 மடல் உயிரோட வந்துடுச்சு. "இங்கே பனி இன்னும் விடவில்லை"ன்னு முதல் மடல் ஆரம்பிச்சுது. அம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாங்க.

பதினொண்ணாவது மடல் வரல. அது மாமா அவரோட ஆபீஸ் கணக்குலேர்ந்து ஃபார்வர்ட் பண்ணினது. வழியில ஏதோ ஒரு மென்பொருள், தனக்குத் தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுடுச்சு. 'அ'வும் கேள்விக்குறி, 'ம்'மும் கேள்விக்குறின்னா எதை வச்சுத் திருப்பறது? தேதியும் முற்றுப்புள்ளிகளும் மட்டும்தான் மிச்சம்.

உங்ககிட்ட பழைய மடல் இருந்தா முதல்ல மூலக்கோப்பை அப்படியே நகல் எடுங்க. திறந்து, மாத்திச் சேமிச்சுடாதீங்க. எழுத்து குலைஞ்சிருந்தா பெரும்பாலும் மீட்டுடலாம். கேள்விக்குறியா இருந்தா போனது போனதுதான்.

பத்து மடலையும் பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். "அந்தக் கேள்விக்குறி மடலையும் சேர்த்துப் போடுடா"ன்னாங்க அம்மா. போட்டுக் குடுத்தேன்.