வாழவந்தி வீட்டின் கால்கள்

கொல்லிமலையில் மரவீடு கட்ட வருகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது இது: “மேஸ்திரி, வீட்டுக்கு அடியில தூணுக்கு நடுவுல சும்மா கிடக்கிற இடத்தைச் சுவர் வெச்சு அடைச்சுடலாமா?” இதே மலையின் வாழவந்தியில் ஜெசி பிராண்ட் கட்டிய வீட்டைப் பற்றிச் சொல்லித்தான் நான் பதிலை ஆரம்பிப்பேன்.

பிராண்ட் 1907-இல் இந்தியா வந்த ஆங்கிலேயப் பாதிரியார். 1913-இல் ஈவ்லினை மணந்து இந்த மலையில் குடித்தனம் வைத்தார். மலைக்கு ரோடு இல்லாத காலம். கீழிருந்து எது வந்தாலும் தலைச்சுமைதான். வீடு மரவீடு, நின்றது கல்தூண்களில். ஒவ்வொரு தூணின் தலையிலும் வாணலியைக் கவிழ்த்ததுபோல ஒரு தகடு. 1914-இல் பிறந்த அவர் மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய மருத்துவர். அவரும் மருத்துவத்துக்கு முன் கட்டட வேலை பழகியவர்தான்.

தூண் தலையில் தகடு வைத்தது கரையானுக்காக. ஆனால் தகடு கரையானைக் கொல்லாது. வெளிச்சம் படாமல் மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறுவதுதான் கரையானின் வழக்கம். தகடு குறுக்கே வந்தால் விளிம்பைச் சுற்றித்தான் குழாய் கட்டியாக வேண்டும்; அப்போது கண்ணில் படும், தட்டிவிடலாம். ஆகவே தகடு பாதி வேலை. குனிந்து பார்க்க அடியில் இடம் இருப்பது மீதிப் பாதி.

ஏலகிரியின் மலையாளிப் பழங்குடியினர் தானியக் குடிசையைக் கல்கால்களில் உயர்த்தி, எலி ஏறாமல் உருண்டைக் கல் வைத்ததும் இதே கணக்குதான்.

சிமென்ட் வந்தபின் பேஸ்மட்டம் கட்டி, மண் கொட்டி இடித்து இறுக்கி, மருந்து அடிப்பது வழக்கமாயிற்று. கான்கிரீட் தரைக்கு அது சரி. ஆனால் கரையான் தடுப்புக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 6313-இன் முதல் பகுதியே கட்டுமான முறைகளைப் பற்றியதுதான். மருந்து இரண்டாம் பகுதியில்தான் வருகிறது.

அடைப்பதே மேல் என்று தெரிந்த இடமும் உண்டு. அமெரிக்காவில் மரத்தரைக்கு அடியில் காற்றுத்துளை விடுவது நெடுநாள் விதி. 2000-க்குப் பிறகு வட கரோலினாவில் அளந்து பார்த்தவர்கள், மண்மேல் பிளாஸ்டிக் விரித்து, துளைகளை அடைத்த வீடுகளே அதிகம் உலர்ந்திருக்கக் கண்டார்கள். காரணம் ஏசி. கோடைப் புழுக்கம் துளை வழியே உள்ளே நுழைந்து, ஏசியால் குளிர்ந்த குழாயிலும் தரையிலும் பட்டு வியர்க்கிறது.

நம் மலை வீட்டில் ஏசிக்கு வேலையில்லை. மூடுபனி அடியில் புகுந்தாலும் காற்று ஓடினால் ஈரம் தங்காது. சுவர் வைத்து அடைத்தால் ஈரமும் நிற்கும், கரையானுக்கும் மறைவு கிடைக்கும். அதனால் மரத்தரை என்றால் திறந்தே விடுங்கள் என்பேன். ஏசி மாட்டப் போகிறீர்கள் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடித்தளத்தையே வேறு மாதிரி போட வேண்டும்.